பதினைந்தாயிரத்துக்கு நல்ல எலெக்ட்ரிக் கிட்டார் கிடைக்குமா?

கேள்வி: முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க 15,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். கடையில் எல்லாமே பளபளவென்று ஒரே மாதிரி இருக்கின்றன. கடைக்காரர் வாசித்துக் காட்டினால் எல்லாமே நன்றாகவும் கேட்கின்றன. வாசிக்கத் தெரியாத நான் எதை வைத்து முடிவு செய்வது? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: முதலில் கடைக்காரரை வாசிக்க விடாதீர்கள். கை பழகியவர் எடுத்தால் எந்தக் கட்டையும் பாடும், அது அவர் கை, கிட்டார் இல்லை. நீங்களே வாங்கி மடியில் வைத்து, நெக்கின் (கம்பிகளுக்கு அடியில் உள்ள நீண்ட கழுத்துப் பகுதி) ஓரத்தில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். அதில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளின் முனைகள் அரம் மாதிரி உறுத்துகிறதா? மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். என் முதல் கிட்டார் (பெயர் வேண்டாம்) இரண்டு மாதம் என் இடது கையைக் கீறியது, எனக்குத்தான் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! பிறகு ஒருவர் அரைமணி நேரம் ராவிக் கொடுத்தார், தீர்ந்தது.

ஆக, சரிசெய்யக்கூடிய குறை எது, முடியாதது எது என்று பிரித்துப் பார்த்தாலே போதும். விலை குறைந்த கிட்டாரில் குறை இருக்கத்தான் செய்யும். கம்பி உயரமாக இருப்பது, சுருதி நிற்காதது, குமிழைத் திருகினால் கரகரப்பது எல்லாம் சில நூறு ரூபாய் வேலை. சுருதி நிற்காததற்குப் பெரும்பாலும் கம்பியை முறுக்கும் ட்யூனரைத் திட்டுவார்கள், பாதி நேரம் குற்றவாளி நட்டில் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டு) கம்பி சிக்கும் பள்ளம்தான், அதில் பென்சில் கரியைத் தேய்த்தால்கூடக் கொஞ்சம் அடங்கும்.

சரிசெய்ய முடியாதது நெக்கின் கோணல். தச்சர் சட்டத்தைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலைப்பக்கத்திலிருந்து நெக்கை நீளவாக்கில் பாருங்கள். லேசாக முன்வளைந்திருந்தால் பரவாயில்லை, உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகி நேராக்கலாம். ஒரு பக்கம் முறுக்கியிருந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள், தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டுங்கள். இதற்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, பொறுமை போதும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் ஒலி சட்டென்று செத்துப்போனாலோ நரநரத்தாலோ அங்கே ஃப்ரெட் சமமாக இல்லை. அதைச் சமன்செய்ய ஆகும் கூலி, கிட்டார் விலையில் நல்லதொரு பங்கைத் தின்றுவிடும்.

கூடவே ஒரு டேப் கொண்டுபோங்கள். நட்டிலிருந்து பிரிட்ஜ் (உடல்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பகுதி) வரை 25.5 அங்குல அளவுள்ள கிட்டாரில் நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் சுமார் 324 மில்லிமீட்டர். அங்கிருந்து பிரிட்ஜில் மெல்லிய கம்பி உட்காரும் இடமும் ஏறக்குறைய அதே தூரம் இருக்க வேண்டும், தடித்த கம்பிக்குச் சற்றுக் கூடும். பிரிட்ஜ் திருகை முழுவதும் நகர்த்தியும் இந்தக் கணக்கு வராவிட்டால், பிரிட்ஜையே இடம் தவறிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆம்ப்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) செருகியதும் ம்ம்ம் என்று இரைந்தால் பயப்படாதீர்கள், ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தப் பகுதி) என்றால் அது அப்படித்தான். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் சரி, கூடினால் வயரிங்கிலோ எர்த்திலோ கோளாறு. மொத்தப் பணத்தையும் கிட்டாரில் போட்டுவிடாமல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறை செட்டப்புக்கு (கம்பி உயரம், சுருதி போன்றவற்றைச் சரிசெய்யும் வேலை) ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: “எல்லா பிராண்டும் இந்தோனேசியாவில் ஒரே ஃபேக்டரியில்தான் தயாராகிறது, நாம் லோகோவுக்குத்தான் காசு கொடுக்கிறோம்” என்கிறார் நண்பர். உண்மையா? (வாசகி, கோவை)

பதில்: பாதி உண்மை. சுரபாயாவில் உள்ள கோர்-டெக் ஆலை கோர்ட் என்ற தன் பெயரிலும் செய்கிறது, பி.ஆர்.எஸ். என்ற அமெரிக்க நிறுவனத்தின் விலை குறைந்த எஸ்.இ. வரிசை போன்றவற்றையும் செய்கிறது. ஆனால் ஒரே தையற்கடையில் தைத்தாலும் பட்டுச்சட்டையும் பள்ளிச் சீருடையும் ஒன்றாகுமா? எந்த மரம், எந்த பிக்கப், ஃப்ரெட்டை ராவ எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் காசு கொடுக்கும் நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. குறைந்த விலையில் முதலில் வெட்டு விழுவது அந்த நிமிடங்களில்தான்.

நாட்டின் பெயரைப் பார்த்து ஒதுக்குவதும் வேண்டாம். ஜப்பானிய நகல்கள் சந்தையைப் பிடித்தபோது, அமெரிக்க நிறுவனமான ஃபெண்டர் 1982-இல் அங்கேயே ஃபூஜிஜென் ஆலையில் ஸ்குவையர் என்ற பெயரில் மலிவுக் கிட்டார்களைச் செய்யத் தொடங்கியது. அந்த ஆரம்பகாலக் கிட்டார்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

மரத்தைப் பற்றியும் ரொம்பக் கவலைப்படாதீர்கள். 2017-இல், விரற்பலகைக்குப் போடும் ஈட்டி (ரோஸ்வுட்) இனத்துக்கு உலக அளவில் வணிகக் கட்டுப்பாடு வந்ததும் பல நிறுவனங்கள் மாற்று மரம் தேடின. இப்போது ஸ்குவையர் கிட்டார்கள் பலவற்றின் விரற்பலகையில் ‘இந்தியன் லாரல்’ என்று போடுகிறார்களே, அது வேறொன்றுமில்லை, நம் ஊர் கருமருதுதான். சிலர் அதை மட்டமான மரம் என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கேள்வி: 11 வயது மகளுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் ஆசை. முதலில் அக்கூஸ்டிக்கில் விரல் பழகட்டும் என்கிறார்கள். பெட்டியில் ஆம்ப், பை எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்கு ஒரு செட் பார்த்தோம், வாங்கலாமா? (தாய், சேலம்)

பதில்: ஆசைப்பட்டதையே வாங்கிக் கொடுங்கள். எலெக்ட்ரிக்கில் 9 எண் மெல்லிய கம்பி போட்டால் ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்கைவிட விரல் குறைவாகத்தான் வலிக்கும். செட் வேண்டாம், அதில் ஆம்ப்புக்குப் போகும் காசு கிட்டாரில் குறைகிறது. தனிக் கிட்டாரோடு ஹெட்போன் செருகும் சின்ன ஆம்ப் போதும், உங்கள் காதுக்கும் நல்லது. மகளை உட்கார வைத்து முதல் ஃப்ரெட்டை எட்டச் சொல்லுங்கள், தோள் இழுபட்டால் 22.75 அங்குலச் சின்ன அளவும் வருகிறது. ஆம்ப்பை எர்த் உள்ள மூன்று பின் பாயிண்டில் மட்டும் செருகுங்கள். இரண்டு பின் அடாப்டர் போட்டுச் சமாளிக்க வேண்டாம், குழந்தை கம்பியைத் தொட்டுக்கொண்டேதானே இருக்கப் போகிறாள்.