கையெழுத்தை அழித்துவிட்டுப் பேசுவோம்

கேள்வி: 1215-ல் ஜான் மன்னரை மடக்கி மேக்னா கார்ட்டா என்ற சாசனத்தில் கையெழுத்து வாங்கி, மக்களுக்கு உரிமை பெற்றுத் தந்தார்களே இங்கிலாந்துப் பிரபுக்கள்! அப்படிப்பட்டவர்கள் இன்று உண்டா?

பதில்: முதலில் அந்தக் கையெழுத்தை அழித்துவிடுங்கள். தேம்ஸ் கரையில் ரன்னிமீடு புல்வெளியில் ஜான் கையெழுத்து எதுவும் போடவில்லை. ஆட்டுத்தோலில் எழுத்தர் லத்தீனில் எழுத, அடியில் மெழுகில் அரச முத்திரை தொங்கியது. '63 பிரிவுகள்' என்கிறோமே, அந்த எண்களும் பின்னால் வந்தவர்கள் போட்டவை. மூலத்தில் எல்லாம் ஒரே ஓட்டம்தான்.

அடுத்தது, 'மக்கள்'. பிரபுக்களைக் கிளப்பிவிட்டது மடியில் விழுந்த கை. ஒரு பிரபு இறந்தால் வாரிசு மன்னருக்குப் பணம் கட்டித்தான் நிலத்தை எடுக்கவேண்டும். எவ்வளவு என்பது மன்னர் வாயில் வருவதுதான். 1205-ல் நிக்கோலஸ் டி ஸ்டட்வில் என்ற வாரிசின் தலையில் 10,000 மார்க் கட்டினார் ஜான். ஒரு மார்க் ஒரு பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. கணக்குப் போட்டால் 6,666 பவுண்டுக்கு மேல். சாசனத்தின் 2-வது பிரிவு அதை 100 பவுண்டோடு நிறுத்தியது. 1214-ல் பிரெஞ்சுப் போருக்கு வராதவர்களிடம் படைவரி கேட்டார். அந்தப் போரும் பூவின் (Bouvines) என்ற ஊரில் தோல்வியில் முடிந்தது. ஆகவே 12-வது பிரிவு: பெரியவர்களைக் கூட்டிக் கேட்காமல் படைவரி கூடாது. அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தது 40 நாள் முன்பே ஓலை போகவேண்டும் என்கிறது 14-வது.

பண்ணையாட்களுக்கும் சாசனத்தில் ஒரு வாக்கியம் உண்டு. அபராதம் என்ற பெயரில் அவர்களது உழவுக் கருவியைப் பறிக்கக்கூடாது என்கிறது 20-வது பிரிவு. அங்கே பேச்சு மன்னர் விதிக்கும் அபராதத்தைப் பற்றி. பிரபுக்களும் தம் ஆட்களிடம் அப்படியே நடக்கவேண்டும் என்று 60-வது சொல்லிவிட்டுப் போகிறது. நடக்காவிட்டால் என்ன என்று ஒரு சொல் இல்லை.

மன்னர் நடக்காவிட்டால்? அதற்கு மட்டும் 61-வதில் பக்காவான ஏற்பாடு. 25 பிரபுக்கள் குழு. குறையை அதில் நால்வர் மன்னரிடம் சொல்வார்கள். 40 நாளில் சரிசெய்யாவிட்டால் 25 பேரும் சேர்ந்து அவர் கோட்டை, நிலம், உடைமை எல்லாவற்றையும் ஜப்தி செய்யலாம். மன்னர், ராணி, பிள்ளைகள் மேல் மட்டும் கைவைக்கக்கூடாது. 25 பேரும் கலகக் கட்சிக்காரர்கள். வழக்குப் போட்டவனே நீதிபதி, அவனே அமீனா. எந்த மன்னர் இதைத் தாங்குவார்?

சாசனத்தை ரத்துசெய்ய யாரையும் நாடமாட்டேன் என்று ஜான் அதே 61-வதில் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் நாட்டையே 1213-ல் போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்து, ஆண்டுக்கு 1,000 மார்க் கட்டச் சம்மதித்து, அவருடைய குத்தகைக்காரர் மாதிரி திரும்ப வாங்கியவர் அவர். அந்தப் போப் மூன்றாம் இன்னொசென்ட், சாசனம் செல்லாது என்று ஆகஸ்ட் 24-ல் அறிவித்தார். சாசனத்தின் தேதியான ஜூன் 15-லிருந்து எண்ணினால் சரியாகப் பத்து வாரம். பிரபுக்களும் யோக்கியர்கள் அல்ல. பிடித்த லண்டனை அவர்கள் கைவிடவே இல்லை. பிரெஞ்சு இளவரசன் லூயியை அழைத்துவந்து அரியணையையும் காட்டினார்கள்.

1216 அக்டோபரில் ஜான் இறந்தார். மகன் மூன்றாம் ஹென்றிக்கு 9 வயது. லூயி பக்கம் போனவர்களை இழுக்க, சிறுவனுக்காக ஆட்சி நடத்திய வில்லியம் மார்ஷல் முதலியோர் நவம்பரிலேயே சாசனத்தைத் திரும்ப வெளியிட்டார்கள், 12, 14, 61 மூன்றையும் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு! பல்லைப் பிடுங்கிய பிறகுதான் அது பிழைத்தது. 1225-ல் ஹென்றி மறுபடி உறுதிசெய்ததும் சும்மா இல்லை. கூலியாக நாட்டின் அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கு வரி.

அப்படிப்பட்டவர்கள் இன்று உண்டா என்றால், தாராளமாக உண்டு. வரி உயர்ந்த மறுநாள் வக்கீல் வீட்டு வாசலில் பாருங்கள்.