தசை தெரியும்படி ஆண் விளையாட்டு வீரரின் உடலைக் கலைப்படமாக எடுப்பது எப்படி?

கேள்வி: கபடி ஆடும் நண்பர் ஒருவரின் உடற்கட்டைக் கலைப்படங்களாக எடுக்க ஆசை. திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் காலை வெயிலில் எடுத்தவை எல்லாம் தட்டையாக, தசையே இல்லாதவரைப் போல வந்திருக்கின்றன. கையில் கமரா, 50 மிமீ லென்ஸ், ஒரு பிளாஷ். எங்கே பிழை?

பதில்: அவரை நிறுத்திய திசையில். உப்புவெளி, நிலாவெளி இரண்டும் கிழக்கு பார்த்த கரைகள். சூரியன் கடலுக்கு மேல் எழும். நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, அவரைக் கடலைப் பார்க்கச் சொன்னால் வெயில் நேர் முன்னாலிருந்து விழுந்து எல்லாப் பள்ளங்களையும் நிரப்பிவிடும். கண்ணுக்குத் தசையைக் காட்டுவது நிழல்தான். அவரைத் தெற்கே திரும்பி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் அவருக்கு முன்னால் நின்று வடக்கே பாருங்கள். வெயில் அவருடைய இடப்பக்கத்தை உரசிக்கொண்டு போகும். அதே ஆள், அதே வெயில், ஆனால் படம் வேறு. சூரியன் எழுந்து அரை மணி, முக்கால் மணி நேரம்தான் இந்த ஒளி இருக்கும். ஏழரை மணியானால் நிழல் கறுத்து இறுகிவிடும், அவரும் கண்ணைச் சுருக்கத் தொடங்குவார்.

இதற்குள் இருக்கும் விதி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் எந்த இடத்திலும் சமாளிக்கலாம்: பள்ளம் ஓடும் திசைக்குக் குறுக்கே ஒளி வர வேண்டும். முதுகுத்தண்டின் பள்ளம் மேலிருந்து கீழே ஓடுகிறது, அதனால் பக்க ஒளி வேண்டும். தொடைத் தசைகளின் பிரிவும் பெரும்பாலும் அப்படியே. வயிற்றுத் தசையைப் பிரிக்கும் கோடுகள் குறுக்கே ஓடுகின்றன, அவற்றுக்கு ஒளி மேலிருந்து வர வேண்டும். வயிற்றைப் பக்க ஒளியில் மட்டும் எடுத்தால் நடுக்கோடு ஒன்றுதான் எடுப்பாகத் தெரியும். படப்பிடிப்புக்கு ஆகாது என்று எல்லோரும் ஒதுக்கும் உச்சிவெயில் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நல்ல ஒளி. கண்குழி கறுக்காமல் இருக்க முகத்தை வானத்தை நோக்கி உயர்த்தச் சொல்லுங்கள், அல்லது தலையை முற்றாகக் கவிழ்க்கச் சொல்லுங்கள். இந்த ஊரில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த வெயிலில் பத்து நிமிடத்துக்கு மேல் ஒருவரை நிறுத்தாதீர்கள்.

கறுத்த தோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் வெளுத்த தோலை வைத்துச் சொல்லப்பட்டவை. வெளுத்த தோலில் வடிவத்தைக் காட்டுவது நிழல். கறுத்த தோலில் நிழலோடு மினுக்கமும் சேர்ந்தே காட்டும். மினுக்கம் என்பது தோலில் தெரியும் ஒளிமூலத்தின் பிம்பம். மூலம் சிறியதானால் தோளில் வெள்ளைப் புள்ளியாக எரியும், பெரியதானால் தசையின் வளைவு முழுக்கப் பட்டுப்போல ஓடும். அதனால் வெறும் பிளாஷை நேராக அடிக்காதீர்கள். இன்னொரு நல்ல நேரமும் உண்டு: பின்னேரம் சூரியன் ஊர்ப்பக்கம் சாய்ந்து, தென்னைகளின் நிழல் மணலில் விழும்போது கடலுக்கு மேலுள்ள வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காகிவிடும். அப்போதும் ஆளைப் பக்கவாட்டில்தான் நிறுத்த வேண்டும்.

கடலும் வானமும் பின்னணியில் இருந்தால் தானியங்கி முறை ஆளை இருட்டாக்கிவிடும். கறுத்த உடலே படத்தை நிறைத்தால், அதைச் சாம்பலாக்கப் பார்த்து அளவுக்கு மீறி வெளுப்பிக்கும். கையால் அமையுங்கள். காலை வெயிலுக்கு ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸின் திறப்பு) 5.6, வேகம் 1/250 நொடி என்று தொடங்கி, தோளின் மிக வெளிச்சமான இடம் வெந்துபோகாத அளவுக்கு வேகத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாயும் காட்சிக்கு 1/1000க்குக் கீழே இறங்க வேண்டாம்.

50 மிமீ லென்ஸ் போதும், கிட்டே போகாமல் இருந்தால். முழு உருவத்துக்குச் சிறிய சென்சர் கமராவில் ஏறத்தாழ 5 மீற்றர், முழுச் சென்சரில் 3 மீற்றர் தள்ளி நில்லுங்கள். கமரா அவருடைய தொப்புள் உயரத்தில் இருக்கட்டும். நின்ற கண்ணுயரத்தில் வைத்தால் தலை பெருத்துக் கால் குறுகும். நல்ல உடற்கட்டைக் கெடுக்கும் பிழைகளில் இதுதான் அதிகம் கவனிக்கப்படாதது.

வீட்டுக்குள் ஒற்றைப் பிளாஷ் என்றால்: அவருக்குப் பக்கவாட்டில் ஒன்றரை மீற்றர் தூரத்தில், தலைக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். முன்னால் ஒரு வெள்ளை வேட்டியை விறைப்பாகக் கட்டி அதற்கூடாக ஒளியை அனுப்புங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/200, பிளாஷ் கால் பங்கு வலு என்று தொடங்கலாம். பெரும்பாலும் கெடுவது மற்றப் பக்கத்தில். வெள்ளைச் சுவர் ஒளியைத் திருப்பி அனுப்பி நிழலை நிரப்பிவிடும். அந்தப் பக்கம், உடலிலிருந்து ஒரு மீற்றருக்குள், கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். நிழல் அளவுக்கு மீறி இருண்டால் துணியைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் சரி. நிழலை நிரப்ப வெள்ளை ரெஜிஃபோம் பலகையை அவசரப்பட்டுப் பிடிக்க வேண்டாம்.

உடலைத் தயார் செய்வதில் இறுக்கமான உடுப்பைத் தவிர்ப்பது முக்கியம். இடுப்பு எலாஸ்டிக், காலுறை ஆகியவற்றின் தழும்பு மறைய ஒரு மணி நேரமாவது எடுக்கும், அதனால் தளர்ந்த சாரத்தோடு வரச் சொல்லுங்கள். தொடங்குமுன் பத்து நிமிடம் தண்டால், ரப்பர் பட்டி இழுப்பு. அதன் பிறகு தசை புடைத்து நிற்பது சிறிது நேரம்தான், ஆகவே ஒளியை முன்பே அமைத்து வையுங்கள். மெலிந்து தெரியத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது இந்தப் புழுக்கத்தில் ஆபத்து, அனுமதிக்காதீர்கள். எண்ணெய் என்றால் உள்ளங்கையில் சில துளி தேய்த்துப் பிறகு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதிகமானால் மினுக்கம் திட்டுத் திட்டாக எரியும், கடற்கரையில் மணலும் ஒட்டும். வியர்வைத் துளிக்குக் கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளியுங்கள். வெறும் தண்ணீர் கச்சான் காற்றில் நிமிடத்தில் காய்ந்துவிடும்.

நிற்கும் முறைக்கு வெளிநாட்டுச் சஞ்சிகைகளைத் தேட வேண்டாம். சோழர் வெண்கலங்களில் உள்ள திரிபங்கத்தைப் பாருங்கள்: பாரம் ஒரு காலில், இடுப்பு ஒரு பக்கம், தோள் எதிர்ப்பக்கம். அதில் பாதி வளைவு ஆண் உடலுக்குப் போதும். கையை விலாவோடு ஒட்டவிடாதீர்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால்தான் தோளிலிருந்து இடுப்புக்கு ஒடுங்கும் வடிவம் துலங்கும். மூச்சை வெளியே விட்டபின் எடுத்தால் வயிறு இறுகித் தெரியும். பத்து நொடிக்கு மேல் பிடித்து நிற்கச் சொன்னால் முதலில் கழுத்திலும் பிறகு முகத்திலும் சிரமம் ஏறும்.

பொய் இழுப்பு படத்தில் கட்டாயம் தெரியும். கரைவலை இழுப்பது போன்ற காட்சி வேண்டுமென்றால் கயிற்றைத் தென்னையில் கட்டி உண்மையாகவே இழுக்கவிடுங்கள். அப்போதுதான் முன்கை நரம்பும் குதிகாலும் ஒரே கதையைச் சொல்லும். உடுப்பில் நிறுவனச் சின்னம் இருந்தால் கண் அங்கேதான் போகும். சண்டிக்கட்டாகக் கட்டிய ஒருநிறச் சாரம் எவ்வளவோ மேல்.

இதற்கெல்லாம் நம் நாட்டிலேயே முன்னோடி இருக்கிறார்: லயனல் வென்ட் (1900–1944). வெற்றுடம்போடு இருக்கும் இலங்கை இளைஞர்களையும் தொழிலாளர்களையும் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். படத்தில் இருப்பவருக்குக் காட்டும் மதிப்பு ஒளியமைப்பைவிட முக்கியம். உங்கள் நண்பர் பதினெட்டு வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். எந்த உடுப்பு, எங்கே வெளியிடுவது என்பதை முன்பே எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். இடத்தைப் பொறுத்தவரை, கோணேசர் கோயில் சூழலும் இராணுவம் இருக்கும் பிரட்றிக் கோட்டையும் கடற்படைப் பகுதிகளும் வேண்டாம். வாடிகளுக்கு அருகில் என்றால் மீனவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கமராவை ஏசி அறையிலிருந்து நேரே கரைக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் பனித்துவிடும். மூடிய பையில் அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து திறவுங்கள்.

கணினியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது, செம்மஞ்சள் நிறத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டியைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். தோல் கறுத்து மினுக்கம் பிரிந்து வரும். அதிகம் இறக்கினால் மேடும் பள்ளமுமாய்ப் புள்ளி விழும். தோலை மழுப்பும் கருவியைத் தொடவே வேண்டாம். முழங்காலிலும் முழங்கையிலும் இருக்கும் கபடித் தழும்புகளை அப்படியே விட்டு, ஒட்டிய மணலை மட்டும் அழியுங்கள்.