லீவு கேட்கும் அம்மா

கேள்வி: ஷூவின் மேல்பாகம் தைக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன், 15 பேர் வேலை செய்கிறார்கள். கணக்கு பார்க்கும் 22 வயதுப் பெண் கெட்டிக்காரி. ஆனால் லீவு கேட்டு போன் செய்வது அவள் அம்மா! போன வாரம் நேரிலேயே வந்து, ‘சம்பளத்துல 105 ரூபா எங்க போச்சு?’ என்கிறார். என்ன செய்ய?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு 19 வருஷம் ஆள் எடுத்தவன் நான். இன்டர்வியூவில் மகனுக்குப் பதிலாக அப்பாவே பேசியதைப் பார்த்திருக்கேன். பையன் வாய் திறந்தது தண்ணி கேட்க மட்டும்தான். (வேலை கொடுத்தேன். நல்லாத்தான் செஞ்சான்.)

முதலில் அந்தப் பெண்ணைத் தனியா கூப்பிடுங்க, தையல் மெஷின்காரங்க காதுபட வேண்டாம். ‘லீவுன்னா காலை எட்டரைக்குள்ள நீதான்மா சொல்லணும்’னு சொல்லுங்க. அப்புறமும் அம்மா போன் வந்தா, ‘அவளையே பேசச் சொல்லுங்கம்மா’, அவ்வளவுதான். இந்த வேலூர் வெயில்ல நேரில் வந்தா மோர் கொடுங்க, சம்பளக் கணக்கு மட்டும் வேண்டாம். 18 முடிஞ்ச பெண்ணோட சம்பளம் அவள் விஷயம்.

அந்த 105 ரூபாய், 14,000 சம்பளத்துக்கு 0.75 சதவீதம் பிடிக்கிற ஈஎஸ்ஐ மருத்துவக் காப்பீடுதானே? மகளை நம்பி இருக்கும் தாய்க்கும் அதில் வைத்தியம் உண்டு. இதை வீட்டில் அவளே விளக்கட்டும்.

ஒண்ணு மட்டும் விட்டுக்கொடுங்க. ஷிப்மென்ட் அவசரத்தில் ராத்திரி எட்டு மணி தாண்டினா, அம்மாவுக்கு முதல் போன் உங்களிடமிருந்தே போகட்டும். கடைசி பஸ்ஸை நினைச்சு வாசல்ல நிக்கிறது அவங்கதான்.