ஆயுதம் தாங்கிய சினூக்: முன்மொழிவை எப்படி எழுத வேண்டும்?

கேள்வி: டாங்கி, போர் விமானம், ஹெலிகாப்டர் மூன்றும் ஒரே களத்தில் மோதும் ஓர் இணைய விளையாட்டைச் சில ஆண்டுகளாக ஆடி வருகிறேன். வியட்நாம் போரில் பறந்த ஏசிஎச்-47ஏ என்ற, ஆயுதம் தாங்கிய அமெரிக்கச் சினூக் போக்குவரத்து ஹெலிகாப்டரை அதில் சேர்க்கும்படி உருவாக்குநர்களுக்கு ஒரு முன்மொழிவு அனுப்பினேன். அதன் ஆயுதங்கள் அனைத்தையும் பட்டியலிட்டிருந்தும், மாதிரியைத் தெளிவாக வரையறுத்து மீண்டும் அனுப்புமாறு பதில் வந்தது. எதை மாற்ற வேண்டும்? 33 வீரர்களை ஏற்றிச் செல்லும் அதன் திறனை எப்படி எடுத்துக்காட்டுவது?

பதில்: நீங்கள் இணைத்திருந்த முன்மொழிவை இரண்டு முறை படித்தேன். அதில் உள்ள ஆயுதங்களின் பெயர்களும் அளவுகளும் பெரும்பாலும் சரியே. ஆனால் அவற்றையெல்லாம் ஒன்றாகச் சுமந்த ஹெலிகாப்டர் எதுவும் இருந்ததில்லை. பக்கவாட்டுத் தாங்கிகளில் ராக்கெட் கூடும் மினிகன் (பல குழல் சுழல் இயந்திரத் துப்பாக்கி) கூடும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் ஒரு தாங்கியில் 20 மி.மீ. பீரங்கியோடு இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றைத்தான் பொருத்தினார்கள். 33 இருக்கைகள் என்பது ஆயுதம் இல்லாத சிஎச்-47ஏ சினூக்குக்கு உரிய எண். அதைப் போர் ஹெலிகாப்டராக மாற்றியபோது இருக்கைகளின் இடத்தையும் எடை வரம்பையும் கவசத் தகடுகளும் தோட்டாப் பெட்டிகளும் துப்பாக்கி வீரர்களும் எடுத்துக்கொண்டனர். போக்குவரத்து ஹெலிகாப்டரை ஆயுதமாக்குவது முழுக்க முழுக்க எடைக் கணக்கு. ஒன்றை ஏற்றினால் இன்னொன்றை இறக்கியாக வேண்டும். ஆகவே, குறிப்பிட்ட ஓர் ஆண்டில், குறிப்பிட்ட ஓர் ஆயுத அமைப்போடு புறப்பட்டுச் சென்ற ஹெலிகாப்டர் எதுவோ அதை மட்டும் முன்மொழியுங்கள். எடை, வேகம், விளையாட்டில் இடப்பெறும் தரம் (எந்த வலிமை நிலையில் வைப்பது என்பது), எதிர்கொள்ளும் பகை என மற்ற அனைத்தும் அதிலிருந்துதான் கணக்கிடப்படும்.

உங்கள் தேர்வைப் பொறுத்தவரை இதைச் செய்வது எளிது, ஏனெனில் போயிங் வெர்டால் நிறுவனம் இவ்வகையில் நான்கே நான்கைத்தான் மாற்றி அமைத்தது. 1966-ல் மூன்று வியட்நாமுக்குச் சென்றன. மூக்குப் பகுதியில் 40 மி.மீ. எறிகுண்டு வீசும் கருவி, இருபுறமும் முன்னோக்கி நிலையாகப் பொருத்திய 20 மி.மீ. பீரங்கிகள், அவற்றோடு 19 குழல் கொண்ட 70 மி.மீ. ராக்கெட் கூடுகள் இரண்டு, பக்கத்துக்கு இரண்டும் பின்சரிவுக் கதவில் ஒன்றுமாக ஐந்து இயந்திரத் துப்பாக்கி நிலைகள் என்பதே அடிப்படை அமைப்பு. 1966-ஆம் ஆண்டு அமைப்பு என்று தலைப்பிலேயே குறிப்பிட்டு, மினிகன் கூட்டை மாற்று ஆயுதமாகத் தனி வரியில் கொடுங்கள். இருக்கை எண்ணிக்கையை நீக்கிவிடுங்கள்.

அடுத்ததாக, உங்கள் முன்மொழிவில் இடம்பெறாத ஒரு கேள்வியை எழுப்ப வேண்டியிருக்கிறது, இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நீங்கள் ஆடும் விளையாட்டில் காலாட்படை இல்லை. ஏசிஎச்-47ஏ உருவாக்கப்பட்டதோ மரவரிசைகளிலும் பதுங்குகுழிகளிலும் இருந்து சுடும் காலாட்படையை அடக்குவதற்காக. அதன் 40 மி.மீ. எறிகுண்டு சிதறி வெடிக்கும் வகை. டாங்கியின் மேல்தகட்டில் விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஐந்து இயந்திரத் துப்பாக்கிகளும் அப்படியே. வழிகாட்டும் ஏவுகணை அதில் கிடையாது. எஞ்சுபவை 20 மி.மீ. பீரங்கிகளும் 38 ராக்கெட்டுகளும் மட்டுமே. இதைச் சொன்னால் முன்மொழிவு பலவீனப்படும் என்று அஞ்சித்தான் பலரும் மறைக்கிறார்கள். ஆனால் படித்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் இதை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், நீங்களே முன்வந்து சொல்லி, அதற்கான பதிலையும் தருவதே சிறந்தது.

அந்தப் பதிலை ஓர் ஒப்பீட்டிலிருந்து பெறலாம். அதே காலத்தில் பறந்த சிறிய ஹியூயி ஹெலிகாப்டரான யுஎச்-1பி, பக்கத்துக்கு 24 ஆக மொத்தம் 48 ராக்கெட்டுகளைச் சுமந்தது. அதாவது அவ்வளவு பெரிய சினூக்கைவிடப் பத்து ராக்கெட் கூடுதல்! அப்படியானால் சினூக்கின் உருவம் எதைக் கொடுத்தது? ஏராளமான தோட்டாவையும், எந்தத் திசையிலும் சுடும் வசதியையும் கொடுத்தது. ஹியூயி தாக்கிவிட்டுத் திரும்பும்போது அதன் பின்புறம் வெறுமையாக இருக்கும். சினூக்கின் பின்சரிவுக் கதவுத் துப்பாக்கி அந்த வேளையிலும் சுட்டுக்கொண்டே போகும். ஆகவே விளையாட்டில் இதன் வேலை டாங்கியைக் கொல்வதல்ல. திறந்த கூரை கொண்ட விமான எதிர்ப்பு வண்டிகளையும் இலேசான கவசம் போட்ட உளவு வண்டிகளையும் தேடி வேட்டையாடுவதும், எதிரி ஹெலிகாப்டர்கள் பின்தொடர்ந்தால் அவற்றுக்குப் பதிலடி கொடுப்பதுமே அதன் வேலை. இந்த இரண்டு வாக்கியங்களையும் உங்கள் சொற்களில் முதல் பத்தியிலேயே வையுங்கள். ஆயுதப் பட்டியல் அதற்குப் பின்னால் வரட்டும்.

டாங்கியை அழிக்கும் போக்குவரத்து ஹெலிகாப்டர்தான் உங்கள் ஆசை என்றால், ஏவுகணை தாங்கிய சோவியத் மி-8 வகைகளைப் பரிசீலிக்கலாம். அங்கும் ஒரு பொறி இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் மி-8-க்காக நான் முதன்முதலில் எழுதிய முன்மொழிவு திரும்பி வந்ததற்குக் காரணம், மி-8டிவி, மி-8டிபி என்ற இரண்டு வகைகளை ஒன்றாக்கி எழுதியதுதான். இரண்டிலும் மூக்கில் 12.7 மி.மீ. துப்பாக்கியும், 32 குழல் கொண்ட ராக்கெட் கூடுகள் ஆறும் உண்டு. ஆனால் முன்னது நான்கு ஃபலங்கா ஏவுகணைகளையும், ஏற்றுமதிக்கான பின்னது ஆறு மல்யூட்கா ஏவுகணைகளையும் சுமந்தன. நான் ஆறு ஃபலங்கா என்று எழுதியிருந்தேன். ஒரே ஓர் எண், ஆனால் அது தவறு என்றால் மற்ற எண்களையும் யாரும் நம்பமாட்டார்கள் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

மல்யூட்காவை எடுத்துக்கொண்டே, ஆயுதத்தின் எண்ணிக்கையைவிட அது பயன்படும் விதம் ஏன் முக்கியம் என்பதைக் காட்டுகிறேன். அது நொடிக்கு ஏறத்தாழ 120 மீட்டர் வேகத்தில் பறக்கும். அதிகபட்சத் தொலைவு 3,000 மீட்டர். அவ்வளவு தூரம் போய்ச் சேர 25 நொடி ஆகும். அந்த 25 நொடியும் ஏவியவர் சிறு கைப்பிடி ஒன்றை அசைத்து ஏவுகணையைத் தம் கண்ணாலேயே பார்த்து ஓட்ட வேண்டும். தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி அதற்கு இல்லை. ஹெலிகாப்டரும் அதுவரை இலக்கை விட்டு விலக முடியாது. எதிரே ஷில்கா என்ற சோவியத் விமான எதிர்ப்பு வண்டி நின்றால் அதன் நான்கு 23 மி.மீ. பீரங்கிகளும் ஏறத்தாழ 2,500 மீட்டர் வரை பயனுள்ள வகையில் சுடும். ஆக, ஹெலிகாப்டர் ஓட்டிக்குக் கிடைக்கும் பாதுகாப்பான இடைவெளி 500 மீட்டர் மட்டுமே. இப்படி ஒரு கணக்கை ஒரு பத்தியில் எழுதிக் காட்டினால், இந்த ஹெலிகாப்டரை எந்தத் தரத்தில் வைக்கலாம் என்பதைப் படிப்பவரே ஊகித்துக்கொள்வார்.

சேதம் எப்படி நிகழும் என்பதற்கு ஒரு பகுதி ஒதுக்குங்கள். பெரும்பாலான ஹெலிகாப்டர்களுக்கு வால் சுழலிதான் பலவீனம். அது போனால் உடல் சுழலத் தொடங்கும். சினூக்கில் வால் சுழலியே இல்லை. முன்னும் பின்னும் இரண்டு பெரிய சுழலிகள் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. அவற்றின் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படர்வதால், உடலின் மேற்கூரை வழியாக ஓடும் இணைப்புத் தண்டுதான் அலகுகள் மோதாமல் இரண்டையும் ஒத்திசைவில் வைத்திருக்கிறது. அந்தத் தண்டோ முன்பின் பற்சக்கரப் பெட்டிகளில் ஒன்றோ அறுந்தால் ஹெலிகாப்டர் பிழைக்காது. வால் சுழலி உள்ள ஹெலிகாப்டர்களுக்காக எழுதப்பட்ட சேதக் கணக்கை அப்படியே பயன்படுத்த முடியாது என்பதையும், எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு பக்கத் தோற்றப் படத்தில் குறித்துக் கொடுத்தால், உருவாக்குநர்களின் வேலையில் ஒரு பகுதியை நீங்களே செய்து கொடுத்ததாகும்.

உருவ அளவையும் மறைக்காமல் எழுதுங்கள். சுழலிகளையும் சேர்த்தால் நீளம் ஏறத்தாழ 30 மீட்டர், அதாவது ஹியூயியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. பின்கோபுரத்தின் உயரம் 5.7 மீட்டர். மரவரிசைக்குப் பின்னால் பதுங்கி எட்டிப் பார்க்கும் உத்தி இதற்கு எளிதில் வாய்க்காது.

அதன் வரலாற்றையும் சுருக்கமாகச் சேர்க்கலாம், ஏனெனில் நான்கில் மூன்று அழிந்த விதமே அதன் இயல்பைச் சொல்கிறது. ஒன்று 1966-ல் தரையில் நகரும்போது இன்னொரு சினூக்கோடு மோதிச் சிதைந்தது. ஒன்று 1967 மே மாதத்தில், 20 மி.மீ. பீரங்கியைப் பிடித்திருந்த ஊசி கழன்று, குழல் மேல்நோக்கி எழும்பித் தன் முன்சுழலியையே சுட்டு வீழ்ந்தது. அதில் இருந்தவர்கள் உயிரிழந்தனர். மூன்றாவது 1968 பிப்ரவரியில் ஹுயே நகரச் சண்டையின்போது வீழ்ந்தது. எஞ்சிய ஒன்று, ஈஸி மணி என்ற பெயருடையது, அலபாமா மாநிலத்தின் ரெட்ஸ்டோன் படைத்தளத்தில் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. உண்மையான ஒன்று நிற்கிறது, அதைப் படமெடுத்து அளக்க முடியும் என்பது முப்பரிமாண மாதிரி செய்பவர்களுக்கு மிகப் பெரிய உதவி. இதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

ஆதாரங்களில் ஒரே ஓர் எச்சரிக்கை, ஆனால் கடுமையான எச்சரிக்கை. பொதுவெளியில் சட்டப்படி கிடைக்கும் பழைய பயிற்சிக் கையேடுகள், அருங்காட்சியகப் பதிவுகள், அக்காலப் புகைப்படங்கள் ஆகியவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். 2021-ல் வார் தண்டர் என்ற இணையப் போர் விளையாட்டை ஆடிய ஒருவர், அதில் உள்ள பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கியின் வடிவம் பிழை என்று நிறுவுவதற்காக அதன் இராணுவக் கையேட்டுப் பக்கங்களை வெளியிட்டார். அவை இரகசியக் காப்பில் உள்ளவை என்பதால் விளையாட்டு நிறுவனம் அவற்றை நீக்கியதோடு, அந்தத் தகவலைப் பயன்படுத்தவும் மறுத்தது. இரகசிய ஆவணம் உங்கள் வாதத்துக்கு வலுச் சேர்க்காது. உங்களைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். 1960-களின் ஹெலிகாப்டருக்கு அதற்கான தேவையும் இல்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்க எண்ணோடு ஆதாரம் கொடுங்கள். இரண்டு ஆதாரங்கள் முரண்பட்டால் இரண்டையும் எழுதி, எதை ஏற்றீர்கள், ஏன் என்று ஒரு வரி சேருங்கள். பவுண்டு, அடி, நாட் ஆகியவற்றை நீங்களே கிலோகிராம், மீட்டர், மணிக்குக் கிலோமீட்டர் என மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

தர எண்ணைப் பொறுத்தவரை, இதுதான் வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். ஏற்கெனவே விளையாட்டில் இருக்கும் ஒரு ஹெலிகாப்டரைக் குறிப்பிட்டு, அதைவிட எதில் மேல், எதில் கீழ் என்று சொன்னாலே போதும். ராக்கெட் தாங்கிய தொடக்க கால ஹியூயியோடு ஒப்பிட்டால் உங்கள் சினூக் தோட்டாவிலும் சுற்றுக் காவலிலும் மேல். ராக்கெட் எண்ணிக்கையிலும், மறைவிலும், சுறுசுறுப்பிலும் கீழ்.

கடைசியாக, ஏற்றிச் செல்லும் திறன். அதை விட்டுவிடச் சொல்லவில்லை, முன்மொழிவின் அச்சாணியாக ஆக்காதீர்கள் என்றே சொல்கிறேன். வீரர்களை இறக்கிக் கோட்டையைப் பிடிப்பது போன்ற விதி விளையாட்டில் இன்று இல்லை என்றால், உங்கள் ஹெலிகாப்டரோடு சேர்த்துப் புதிய ஆட்ட முறை ஒன்றையே கேட்டதாகிவிடும். அதற்கான செலவைப் பார்த்துவிட்டு இரண்டையும் சேர்த்தே மறுத்துவிடுவார்கள். முடிவில் ஒரு தனிப் பத்தியில், களத்தில் தோட்டா தீர்ந்த நேச டாங்கிக்கு அருகில் தரையிறங்கி அதற்குத் தோட்டா வழங்கும் வசதி பிற்காலத்தில் பொருந்தும் என்று மட்டும் எழுதுங்கள்.

முதல் பத்திக்கு ஒரு மாதிரி தருகிறேன்; உங்கள் நடையில் மாற்றிக்கொள்ளலாம்: "1966-ல் வியட்நாமில் பறந்த அமைப்பிலேயே ஏசிஎச்-47ஏ ஹெலிகாப்டரை முன்மொழிகிறேன். இரண்டு 20 மி.மீ. பீரங்கிகளும் 38 ராக்கெட்டுகளும் கொண்டு இலேசான கவச வண்டிகளையும் விமான எதிர்ப்பு வண்டிகளையும் தாக்குவதும், ஐந்து துப்பாக்கி நிலைகளால் எல்லாத் திசையிலும் தன்னைக் காத்துக்கொள்வதும் இதன் பணி. ஏவுகணை இல்லை, கனரக டாங்கிகளுக்கு எதிராக இது பலவீனமானது, உருவம் பெரியது, எளிதில் கண்ணில் படும். நான்கு மட்டுமே உருவாயின; ஒன்று இன்றும் இருக்கிறது."