தலையை ஆட்டாதீர்கள் தம்பி

அடுத்த மாதம் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அறை வாடகை எவ்வளவு, பெட்டியில் என்னென்ன எடுத்து வரலாம், அங்கே நம்மை வித்தியாசமாகப் பார்ப்பார்களா. வாடகை மாதத்துக்கு மாதம் மாறும், என்னைக் கேட்காதீர்கள். பருப்பும் புளியும் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியா பக்கம், கிடைக்கும், சுமந்து வர வேண்டாம். மூன்றாவதுக்கு வருகிறேன்.

பார்ப்பார்கள். 2004-ல் புதுக்கோட்டையிலிருந்து வந்து ஜூரோங் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். சீன சூப்பர்வைசர் வேலையை விளக்கிவிட்டு, முடியுமா என்றார். நம்ம ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினேன். "முடியுமா, முடியாதா?" மறுபடி ஆட்டினேன். மனுஷன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். என் தாடையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து "கேன்" என்றார், இடமும் வலமும் திருப்பி "கேனாட்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் விரலில் இருந்த கிரீஸ் என் தாடையில் ஒட்டியிருந்ததை ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று 'கேன், கேனாட்' பழகும்போதுதான் பார்த்தேன்.

அதே வாரம் மதியம் உணவங்காடியில், கூட வந்தவன் "இடத்தைச் சோப் பண்ணுடா" என்றான். கை கழுவச் சொல்கிறான் என்று நினைத்து குழாயடிக்குப் போய்விட்டேன். 'சோப்' என்றால் இங்கே இடம் பிடிப்பதாம். மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தால் இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தமாம். திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதேதான். துண்டு என்றால் நாகரிகமில்லை, டிஷ்யூ என்றால் ஒழுங்கு!

அன்றைக்கே இன்னொன்று. மெஸ் சாப்பாட்டில் வளர்ந்தவன் இல்லையா, சாப்பிட்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். மேசை துடைக்கிற சீனப் பாட்டி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். அவர் பிழைப்பில் நான் கை வைப்பதாகத் தோன்றியிருக்கும். சுற்றியிருந்தவர்கள் என்னை வேற்றுக்கிரகவாசி மாதிரி பார்த்தார்கள். 2021 செப்டம்பரிலிருந்து தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் முதல் முறை எச்சரிக்கை, அப்புறம் அபராதம். இப்போது தட்டை விட்டுவிட்டுப் போகிறவனைத்தான் முறைக்கிறார்கள். நான் அன்றும் எடுத்தேன், இன்றும் எடுக்கிறேன்.

சீனர்களின் ஏழாம் மாதத்தில் அடுக்குமாடிகளுக்கு நடுவே மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும். முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும். உட்கார்ந்துவிடாதீர்கள், அது ஆவிகளுக்கு. நான் உட்கார்ந்திருக்கிறேன். ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள், அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும். ராத்திரி பத்தரைக்கு மேல் பொது இடத்தில் பியர் கூடாது, 2015-லிருந்து சட்டம்.

இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகாத ஒன்றைச் சொல்கிறேன். 2009-ல் அறை தேடி அலைந்தேன். போனை எடுத்ததும் "இந்தியனா? சமைப்பாயா?" என்பார்கள். சரி, தமிழர் வீடாகப் பார்ப்போம் என்று போனேன். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே முருகன் படம், சாம்பிராணி வாசனை. வீட்டுக்கார அம்மா அன்பாகத்தான் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, நாங்க ஊர்லேருந்து வர்றவங்களுக்குக் கொடுக்கிறதில்லை. மீனைப் பொரிப்பீங்க, பத்துப் பேரைக் கூட்டிட்டு வருவீங்க." அவருடைய தாத்தா தஞ்சாவூர்க்காரர், அதையும் அவரே சொன்னார். சூப்பர்வைசர் தாடையைப் பிடித்தது எப்போதோ சிரிப்பாகிவிட்டது. இது மட்டும் இன்னும் கரிக்கிறது.

நம்ம ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இங்கே பிறந்த தமிழர் பேச்சில் மலாய்ச் சொல் இரண்டு விழுந்தால் "இவங்களுக்குத் தமிழே வராது" என்பார்கள். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் புல்வெளியில் உட்கார்ந்திருக்கிற கட்டடத் தொழிலாளிகளைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடப்பார்கள். ஏதோ அவர்களும் இவர்களும் வேறு வேறு நாட்டிலிருந்து வந்த மாதிரி!

நான் மட்டும் ஒழுங்கா என்றால், போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ரயிலில் ஒரு பையன், வந்து பத்து நாள் இருக்கும், சட்டைக் காலரில் மடிப்புகூடக் கலையவில்லை. ஸ்பீக்கரில் போட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். பெட்டி முழுக்கக் கேட்கிறது, "சாப்பிட்டியாப்பா, குழம்பு என்ன?" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போனை வைத்துவிட்டு என்னிடம் "அண்ணே, இது தேக்கா போகுமா?" என்றான். போகும் என்று தலையை மட்டும் அசைத்தேன், மேலும் கீழுமாக, சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தபடி. பிறகு அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிட்டேன்.