மரக்கன்றுக்கு முன்னால் தடுப்புச்சுவர்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஆறு அறைகளோடு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். ஏப்ரல், மே மாதங்களில் லாரித் தண்ணீர் வாங்காமல் முடிவதில்லை. அக்டோபர் பிறந்துவிட்டால் மண்சரிவு பயத்தில் முன்பதிவுகள் ரத்தாகின்றன. "விருந்தாளி ஒருவருக்கு ஒரு மரம் நடுங்கள், கார்பன் இல்லாத விடுதி என்று போர்டு வைத்துக்கொள்ளலாம்" என்கிறார் நண்பர் ஒருவர். கையில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. அதில் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்துக்கு உங்கள் இடத்திலேயே அவசரமான வேலை இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் டீசல் காரில் வந்து போனால் ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 73 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். ஆக, கிட்டத்தட்ட 195 கிலோ. அதே குடும்பம் உங்களிடம் இரண்டு இரவு தங்கி 20 யூனிட் மின்சாரம் செலவழித்தாலும் சுமார் 15 கிலோதான். பெரும் பங்கு சாலையில்தான் போகிறது. நட்ட கன்று அதை ஈடுகட்டப் பல வருடங்கள் பிடிக்கும், அதுவும் கோடையில் பிழைத்தால்.

அதனால் நீங்கள் கவனிக்க வேண்டியது, மலையேறும் ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை இரவு தங்கல் கிடைக்கிறது என்பதை. இரண்டு இரவு நான்கானால் உங்கள் வருமானம் கூடும், ஓர் இரவுக்கான பயணப் புகை பாதியாகும். மூன்றாவது இரவிலிருந்து வாடகையைக் குறையுங்கள். சென்னைக்காரர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸைச் சொல்லுங்கள். இரவு ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோத்தகிரிக்குப் பஸ் உண்டு. நீலகிரிக்குள் வர, சொந்த வண்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும், அரசுப் பஸ்ஸில் வருபவர்களுக்கு அது தேவையில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து அழைத்து வர உள்ளூர் ஆட்டோ ஒன்றைப் பேசி வைத்தால் அவருக்கும் பிழைப்பு.

இனி உங்கள் 3 லட்சம். முதல் செலவு, சரிவு மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச்சுவருக்கும் வடிகாலுக்கும்தான். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் மண்ணில் புதைந்து போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. வெப்பம் கூடக் கூடக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும், பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும். அதற்குத் தாங்குகிற மாதிரி இடத்தைத் தயார் செய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

செப்டம்பர் கடைசிக்குள் தடுப்புச்சுவரின் முன்னால் போய் நின்று பாருங்கள். சுவரில் வரிசையாக வீப் ஹோல், அதாவது பின்னாலிருக்கும் நீர் வடியும் துளை, விட்டு பிவிசி குழாய் சொருகியிருப்பார்கள். பல இடங்களில் அது மண்ணும் வேரும் அடைத்துக் கிடக்கும். கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். மழை பெய்யும்போது அதில் தெளிந்த நீர் வடிந்தால் நல்லது. நன்றாகப் பெய்தும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால், சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். கலங்கிய சேற்று நீர் வந்தால் உள்ளே மண் கரைகிறது. உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள். மேல் சரிவில் புது விரிசல், சாயும் கம்பம், திடீரென இறுகிப்போகும் கதவு இவையும் எச்சரிக்கைதான். அப்படி ஏதாவது தெரிந்தால் அந்தப் பக்க அறைகளில் ஆட்களைத் தங்க வைக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சமவெளியில் மழைநீர் சேகரிப்பு என்றால் குழி வெட்டி நிலத்துக்குள் இறக்குவார்கள். செங்குத்துச் சரிவில், கட்டடத்துக்குப் பக்கத்தில் அப்படிச் செய்தால் மண் ஊறி இளகிச் சரிவுக்கு நாமே வழி செய்துவிடுவோம். உங்களுக்கு வேண்டியது தொட்டி. 140 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,500 லிட்டர். சிந்தியது, முதல் அழுக்கு நீர் எல்லாம் போக 2,800 லிட்டராவது நிற்கும். கோடை மழை நாலு நாள் பெய்தால் எத்தனை லாரி மிச்சம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். தொட்டியைக் கெட்டியான, சமமான தரையில் வையுங்கள். நிரம்பினால் வழியும் நீரைக் குழாய் போட்டு ஓடை வரை கொண்டுபோய் விடுங்கள்.

பணம் மிஞ்சினால் சோலார் வாட்டர் ஹீட்டர். குளிர்ந்த மலைத் தண்ணீர் ஒரு வாளி, அதாவது 20 லிட்டர், சூடாக ஏறக்குறைய 0.7 யூனிட் வேண்டும். ஆறு அறைக்கும் தினம் 18 வாளி என்றால் 12 யூனிட்டுக்கு மேல். மேகமூட்ட நாளுக்கு இருக்கிற கீசரை வைத்துக்கொள்ளலாம்.

மரம்? நடுங்கள், கணக்குக் காட்ட வேண்டாம். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) மட்டும் மறந்தும் வேண்டாம். இந்த மலையில் புல்வெளியும் சோலைக்காடும் சேர்ந்துதான் மழையைப் பிடித்து வைத்துக் கோடையில் ஓடைக்கு விட்டன. அந்தப் புல்வெளிகளில் பெரும் பகுதியைச் சீகையும் கற்பூரமும் விழுங்கிவிட்டன என்பது எனக்குத் தீராத வருத்தம். தவிட்டுப்பழம், காட்டுப்பூவரசு மாதிரி இந்த மண்ணின் செடிகளை எங்கே, எப்படி நடலாம் என்பதை உங்கள் ஊரிலேயே உள்ள கீஸ்டோன் அறக்கட்டளையில் கேட்டுப் பாருங்கள். பிறகு, உங்கள் நிலத்தை ஒட்டி ஊற்றோ சதுப்போ இருந்தால் அதை மேடாக்கிப் பார்க்கிங் போட்டுவிடாதீர்கள். நூறு கன்றைவிட அதைச் சும்மா விட்டு வைப்பது பெரிய உதவி.

ரத்தாகும் முன்பதிவுக்கு வருவோம். ஜனங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கப் பார்க்காதீர்கள். முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள்: ரெட் அலர்ட் (வானிலை மையத்தின் அதி கனமழை எச்சரிக்கை) வந்தால் நாங்களே கூப்பிட்டுச் சொல்வோம், பணம் பிடிக்காமல் ஆறு மாதத்துக்குள் வேறு தேதி தருவோம். பணத்தைத் திருப்பிக் கேட்கிறவர்களில் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள். ஒவ்வொரு அறையிலும் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, வெளியேறும் வழி, இரவில் யாரை எழுப்ப வேண்டும் என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டி வையுங்கள். அப்புறம், ரெட் அலர்ட் நாளில் சமையலுக்கும் துப்புரவுக்கும் வரும் பெண்களைச் சரிவுப் பாதையில் நடந்து வரச் சொல்லாதீர்கள்; அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள்.