ஸ்பெக்ட்ரம் மறுஉருவாக்கப் பலகை: திரையில் கோடுகள் மட்டும்

நினைவகச் சில்லுகள் எட்டையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உடனே சாக்கெட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். பாளையங்கோட்டையில் நீங்கள் பற்றவைத்த பலகை (1980களின் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியின் மறுஉருவாக்கம்) திரையில் நெடுங்கோடுகளை மட்டும் காட்டி, அந்தச் சில்லுகளைக் கை வைக்க முடியாதபடி சூடாக்குகிறது என்றால், பெரும்பாலும் அவற்றுக்கு −5 வோல்ட் வரவில்லை.

4116 என்ற இந்த நினைவகச் சில்லுக்கு மூன்று மின்னழுத்தங்கள் தேவை. மீட்டரின் கறுப்பு முனையைத் தரை இணைப்பான 16ஆம் காலில் வைத்து, வெற்றுச் சாக்கெட்டின் 1ஆம் காலில் −5, 8ஆம் காலில் +12, 9ஆம் காலில் +5 வோல்ட் ஏறத்தாழ இருக்கின்றனவா என்று பாருங்கள்.

−5, +12 இரண்டையும் உருவாக்குவது பலகையிலுள்ள கம்பிச் சுருளும் அதை இயக்கும், டிஆர்4 (TR4) என்று குறிக்கப்பட்ட டிரான்சிஸ்டரும்தான். அந்த டிரான்சிஸ்டரின் அசல் எண் திருநெல்வேலிக் கடைகளில் கிடைக்காமல் மாற்று வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், அதன் கால் வரிசை வேறாக இருக்கலாம்.

−5 வோல்ட் திரும்பிய பின்னும் சூடான சில்லுகள் பிழைத்திருக்கும் என்று உறுதி கூற இயலாது.